உதவிப் பணத்துக்குக் கணக்கு கேட்கிறோம்... போய்ச் சேராத உதவிக்கு யார் கணக்கு?

2022 டிசம்பர் 9. நியூயார்க்கில் ஐ.நா. பாதுகாப்பு சபையில் ஒரு தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. எண் 2664. மொத்தம் 15 உறுப்பு நாடுகள். 14 நாடுகள் ஆதரித்தன. அமெரிக்காவும் ரஷ்யாவும் சீனாவும் ஒரே பக்கம் கை தூக்குவதெல்லாம் அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை. அன்று நடந்தது. ஒரே ஒரு நாடு மட்டும் வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றது.

அது இந்தியா. அந்த மாதம் சபைக்குத் தலைமை வகித்ததும் இந்தியாதான்!

அப்படி என்ன தீர்மானம் அது? இந்தியா ஏன் ஒதுங்கியது? போர் நடக்கிற இடங்களுக்கு உதவி கொண்டுபோகும் தொண்டு நிறுவனங்களை எப்படிக் கண்காணிப்பது என்ற பெரிய சண்டையின் ஒரு துளி இது. கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

தீர்மானம் 2664 என்ன சொல்கிறது?

ஒரு ஊரை ஆயுதக் குழு ஒன்று பிடித்து வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குழு ஐ.நா.வின் தடைப் பட்டியலில் இருக்கிறது. ஊருக்குள் ஒரு லட்சம் பேர் பட்டினி. நீங்கள் அரிசி லாரி அனுப்புகிறீர்கள். வழியில் வசூல், கிடங்கு வாடகை, உள்ளூர் நிர்வாகத்துக்கு வரி... இதில் ஏதோ ஒன்று அந்தக் குழுவின் கைக்குப் போகலாம். போனால் அது தடையை மீறிய குற்றம். ஜெயில் வரைக்கும் போகலாம்.

2664 இதைத்தான் மாற்றியது. மனிதாபிமான உதவியை உரிய நேரத்தில் கொண்டு சேர்க்கத் தேவைப்படும் பணமும் பொருளும், சொத்து முடக்கத் தடையை மீறியதாக இனி ஆகாது. ஐ.நா. அமைப்புகளுக்கும், ஐ.நா. திட்டங்களில் சேர்ந்து வேலை செய்யும் தொண்டு நிறுவனங்களுக்கும் இந்த விலக்கு பொருந்தும்.

இந்தியா சொன்ன காரணம்: எங்கள் அக்கம்பக்கத்தில் பயங்கரவாதக் குழுக்களே தொண்டு நிறுவன வேஷம் போடுகின்றன. இந்த விலக்கை அவர்கள்தான் முதலில் பயன்படுத்திக்கொள்வார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவின் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்தை வைத்து உலகம் முழுக்கக் கட்டப்பட்டிருக்கும் கண்காணிப்பு முறை, ஒரு பக்கத் தப்பை மட்டும்தான் எண்ணுகிறது. தப்பான கைக்குப் போன பணத்துக்குக் கணக்கு இருக்கிறது. போக வேண்டிய கைக்குப் போகாத பணத்துக்குக் கணக்கே இல்லை.

பயத்தில் என்ன நியாயம்?

பாகிஸ்தானின் ஜமாத் உத் தாவாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2005 அக்டோபரில் காஷ்மீர் நிலநடுக்கம் வந்தபோது களத்தில் மும்முரமாக நிவாரண வேலை செய்தது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு, அதே டிசம்பரில், இது லஷ்கர்-இ-தொய்பாவின் இன்னொரு பெயர்தான் என்று ஐ.நா.வே பட்டியலில் சேர்த்தது. கூடாரம் போட்டுக் கொடுத்ததும் உண்மை, பின்னால் இருந்த அமைப்பும் உண்மை.

சிரியா போரில் இன்னொரு விதம். பிரிட்டனிலிருந்து ஆம்புலன்ஸ், மருந்து என்று வாகனங்கள் வரிசையாகக் கிளம்பின. போனவர்களில் பெரும்பாலானோர் உண்மையிலேயே உதவப் போனவர்கள். அப்படிப் போன டாக்ஸி டிரைவர் ஆலன் ஹென்னிங்கை 2014-ல் ஐஎஸ் கொன்றது. அதே வாகன வரிசைகளைப் பயன்படுத்தி ஆயுதக் குழுவுக்குப் பணம் கடத்தியதாக இரண்டு பேர் 2016 டிசம்பரில் லண்டனில் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. நல்லவர்களும் அவர்களும் கிளம்பியது ஒரே சாலையில்தான்.

நமக்கு நெருக்கமான உதாரணமும் இருக்கிறது: தமிழர் புனர்வாழ்வுக் கழகம். இலங்கையின் வடக்கு, கிழக்கில் போர்க்காலத்திலும் சுனாமிக்குப் பிறகும் நிவாரண வேலை செய்தது. லண்டனில் பதிவான அதன் கிளையின் மீது பிரிட்டனின் சேரிட்டி கமிஷன் 2000-ம் ஆண்டு விசாரணையைத் தொடங்கியது. அனுப்பிய பணம் இலங்கையில் எப்படிச் செலவானது என்பதை லண்டன் டிரஸ்டிகளால் திருப்திகரமாகக் காட்ட முடியவில்லை என்பதுதான் கமிஷனின் முக்கியமான குறை. 2005-ல் அந்தக் கிளையின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. 2007 நவம்பரில் அமெரிக்கா இந்தக் கழகத்தைப் புலிகளின் முகமூடி அமைப்பு என்று சொல்லிச் சொத்துகளை முடக்கியது.

இதைப் படிக்கும்போது பலருக்கும் கோபம் வரலாம். "அப்ப அந்த மக்களுக்கு யாருதான் செய்வா?" சரியான கேள்விதான். ஆனால் பணம் கொடுத்த லண்டன் தமிழருக்கும் ஒரு உரிமை இருந்தது: என் பணம் குழந்தையின் தட்டுக்குப் போனதா, துப்பாக்கிக்குப் போனதா என்று கேட்கும் உரிமை. கணக்கு கேட்பதே தப்பு என்று யாராவது சொன்னால், அவர்கள் கொடுப்பவருக்கும் உண்மையாக இல்லை, வாங்குபவருக்கும் உண்மையாக இல்லை.

சரி, இதில் சிக்கல் எங்கே?

அதே சேரிட்டி கமிஷன், இன்னொரு நிறுவனம். பெயர் இன்டர்பால் (போலீஸ் அமைப்பான இன்டர்போல் இல்லை). பாலஸ்தீனர்களுக்கு உதவ லண்டனில் தொடங்கப்பட்டது. இதன் மீது மூன்று விசாரணைகள்: 1996, 2003, 2006.

2003 ஆகஸ்ட்டில் அமெரிக்கா இன்டர்பாலைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. ஹமாஸுக்கு நிதி தருகிறது என்பது குற்றச்சாட்டு. உடனே கமிஷன் அதன் வங்கிக் கணக்குகளை முடக்கியது. முடக்கிவிட்டு, "ஆதாரம் கொடுங்க" என்று அமெரிக்காவைக் கேட்டது. ஆதாரம் வரவில்லை. செப்டம்பரிலேயே முடக்கத்தை எடுத்துவிட்டது. இதுவரைக்கும் ஒரு ஒழுங்குமுறை அமைப்பு எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ அப்படித்தான் நடந்திருக்கிறது: வேகமாக நிறுத்து, ஆதாரம் கேள், இல்லையென்றால் விடு.

மூன்றாவது விசாரணை 2006-ல் ஒரு பிபிசி நிகழ்ச்சிக்குப் பிறகு தொடங்கியது. முடிவு வந்தது 2009 பிப்ரவரியில். உதவி கொடுக்கப்பட்ட அமைப்புகள் பயங்கரவாதத்தை வளர்த்தன என்ற குற்றச்சாட்டுக்குப் போதிய ஆதாரம் இல்லை. ஆனால் கூட்டாளி அமைப்புகளைச் சரிபார்க்கும் முறை போதாது, அதைச் சரிசெய். 'யூனியன் ஆஃப் குட்' என்ற கூட்டமைப்பிலிருந்து வெளியே வா. இதுவும் நிதானமான தீர்ப்புதான்.

ஆனால் அந்தத் தீர்ப்பு வருவதற்குள் வங்கிகள் தங்கள் தீர்ப்பைச் சொல்லிவிட்டன. 2008 நவம்பரில் லாயிட்ஸ் டிஎஸ்பி, இன்டர்பாலின் கணக்கை வைத்திருந்த சிறிய இஸ்லாமிய வங்கிக்கு நோட்டீஸ் அனுப்பியது: இன்டர்பாலோடு உள்ள தொடர்பைத் துண்டித்துக்கொள். அந்தச் சின்ன வங்கியின் பரிவர்த்தனைகளே லாயிட்ஸ் வழியாகத்தான் போய் வந்தன. அதற்கு வேறு வழியில்லை.

கவனியுங்கள். கோர்ட் தண்டிக்கவில்லை. கமிஷன் மூடவில்லை. ஆனாலும் வங்கி கதவைச் சாத்தியது. இந்த முடிவை எதிர்த்து எங்கே போய் முறையிடுவது? கிட்டத்தட்ட எங்கேயும் இல்லை.

வங்கி ஏன் இப்படிச் செய்கிறது?

வங்கியின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். தடைகளை மீறிய பரிவர்த்தனைகளுக்காக 2014-ல் பிஎன்பி பரிபா வங்கி ஒப்புக்கொண்ட அபராதம் 890 கோடி டாலர். 2012-ல் எச்எஸ்பிசி கட்டியது 190 கோடி டாலர். இந்த இரண்டு வழக்குகளிலும் தொண்டு நிறுவனம் ஒன்றும் இல்லை. ஆனால் பாடம் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. சிரியாவுக்கோ காசாவுக்கோ பணம் அனுப்பும் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தின் கணக்கால் வங்கிக்கு என்ன லாபம்? சொற்பம். ஏதாவது தப்பாகிவிட்டால் நஷ்டம்? கோடிக்கணக்கில். கணக்கை மூடுவதுதான் லாபம்.

2014-ல் எச்எஸ்பிசி லண்டனின் ஃபின்ஸ்பரி பார்க் மசூதியின் கணக்கை மூடியது. எங்கள் ரிஸ்க் எல்லைக்குள் நீங்கள் வரவில்லை என்பதுதான் கொடுத்த விளக்கம். வங்கிகள் வாங்கிப் பார்க்கும் 'வேர்ல்டு-செக்' என்ற தனியார் தரவுத்தளத்தில் அந்த மசூதி பயங்கரவாதப் பிரிவில் இருந்தது பிறகு தெரியவந்தது. மசூதி வழக்குப் போட்டது. 2017-ல் அந்தத் தரவுத்தளத்தை நடத்திய தாம்சன் ராய்ட்டர்ஸ் 10,000 பவுண்டு நஷ்ட ஈடு கொடுத்தது. மசூதிக்கு வக்கீல் வைக்க முடிந்தது. எல்லோராலும் முடியுமா?

ட்விஸ்ட் என்னவென்றால், வங்கி வழி அடைபட்டால் பணம் நின்றுவிடாது. ஹவாலாவுக்குப் போகும். பெட்டியில் ரொக்கமாகப் போகும். ஒவ்வொரு ரூபாயையும் பின்தொடர வேண்டும் என்று தொடங்கிய கண்காணிப்பு, கடைசியில் பின்தொடரவே முடியாத வழிக்குப் பணத்தைத் தள்ளிவிடுகிறது.

போகாத உதவியின் விலை: சோமாலியா

அமெரிக்காவில், பயங்கரவாதப் பட்டியலில் இருக்கும் அமைப்புக்குப் 'பொருள் ஆதரவு' தருவது குற்றம். இந்தச் சட்டத்தில் இரண்டே பொருட்களுக்குத்தான் விலக்கு: மருந்து, மதம் சார்ந்த பொருட்கள். அரிசி, குடிநீர், தார்ப்பாய் இதில் வராது. 2010 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தை 6-க்கு 3 என்று உறுதிசெய்தது. அமைதியான வழிகளில் பயிற்சி கொடுப்பதைக்கூடக் குற்றமாக்கலாம் என்றது. அந்த வழக்கில் தமிழர் அமைப்புகளும் மனுதாரர்கள். சுனாமி நிவாரணம் கேட்டு சர்வதேச அமைப்புகளிடம் எப்படி மனு போடுவது என்று புலிகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாமா என்பதும் அங்கே எழுந்த கேள்விகளில் ஒன்று.

இதே சட்டத்தின் நிழல் தெற்கு சோமாலியா மேல் விழுந்தது. அந்தப் பகுதியை ஆண்டுகொண்டிருந்த அல்-ஷபாப்பை அமெரிக்கா 2008-ல் பட்டியலில் சேர்த்திருந்தது. அடுத்த இரண்டு வருஷத்தில் சோமாலியாவுக்கான அமெரிக்க உதவி சரசரவென்று குறைந்தது. 2011 ஜூலை 20-ல் ஐ.நா. பஞ்சத்தை அறிவித்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில்தான் அமெரிக்கா விதிகளைத் தளர்த்தியது. 2010 அக்டோபர் முதல் 2012 ஏப்ரல் வரை ஏறத்தாழ 2,58,000 பேர் இறந்தார்கள் என்று 2013-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அதில் பாதிக்கும் மேல், சுமார் 1,33,000 பேர், 5 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள்.

எல்லாப் பழியையும் சட்டத்தின் மேல் போட முடியாது. மழை பொய்த்தது. அல்-ஷபாப்பின் மிரட்டலால் உலக உணவுத் திட்டம் 2010 ஜனவரியிலேயே தெற்கின் பெரும்பகுதியில் வேலையை நிறுத்தியது. பிறகு அல்-ஷபாப் பல அமைப்புகளை அடித்துத் துரத்தியது. முதல் குற்றவாளி அந்தக் குழுதான். ஆனால் உதவி வேகமாக வந்திருக்க வேண்டிய நேரத்தில், "இதை அனுப்பினா நம்மள உள்ள தூக்கிப் போடுவாங்களா?" என்று அலுவலகங்களில் வக்கீல்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதும் உண்மை.

ஒரு தொண்டு நிறுவனத்தின் பணம் ஆயுதக் குழுவுக்குப் போனால் விசாரணை வரும், அறிக்கை வரும், தலைப்புச் செய்தி வரும். வரவேண்டும். ஆனால் ஒரு பரிவர்த்தனை மூன்று மாதம் வங்கியில் நின்று, அதனால் ஒரு ஊட்டச்சத்து முகாம் திறக்காமலே போனால்? அதற்கு எந்தக் கமிஷனும் ஃபைல் திறப்பதில்லை.

கடைசியில் மாட்டுவது யார்?

காசாவில் வேர்ல்டு விஷன் நிறுவனத்தின் மேலாளராக இருந்த முகமது எல்-ஹலபியை இஸ்ரேல் 2016 ஜூனில் கைது செய்தது. 5 கோடி டாலர் வரை ஹமாஸுக்குத் திருப்பிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. காசாவில் பத்து வருஷத்துக்கு எங்கள் மொத்த பட்ஜெட்டே சுமார் 2.25 கோடி டாலர்தான் என்றது வேர்ல்டு விஷன். நிதி கொடுத்துவந்த ஆஸ்திரேலிய அரசு பணத்தை நிறுத்திவிட்டு ஆராய்ந்தது. தன் பணம் திசைமாறியதற்கு ஆதாரம் இல்லை என்று 2017 மார்ச்சில் சொன்னது. நிறுவனம் வைத்த வெளித் தணிக்கையிலும் எதுவும் கிடைக்கவில்லை. இஸ்ரேல் நீதிமன்றமோ, பெரும்பகுதி ரகசியமாக வைக்கப்பட்ட ஆதாரங்களின் பேரில், 2022-ல் அவரைக் குற்றவாளி என்று சொல்லி 12 வருஷம் தண்டனை கொடுத்தது. அவர் கடைசிவரை மறுத்தார். 2025 பிப்ரவரியில் கைதிகள் பரிமாற்றத்தில் வெளியே வந்தார்.

யார் சொல்வது சரி என்று வெளியில் இருந்து யாராலும் சரிபார்க்க முடியாது. என் சிக்கலே அதுதான். ஆதாரத்தைப் பார்க்க முடியாத கண்காணிப்பு நம்பிக்கையை வளர்க்காது, பயத்தைத்தான் வளர்க்கும். அந்தப் பயம் முதலில் விழுவது ஜெனிவா அலுவலகத்தில் இருப்பவர் மேல் இல்லை, களத்தில் மூட்டை இறக்கும் உள்ளூர் ஊழியர் மேல். 2025 மார்ச்சில் இஸ்ரேல் கொண்டுவந்த புதிய பதிவு விதிகள் பாலஸ்தீன ஊழியர்களின் பெயர்ப் பட்டியலைக் கேட்டபோது பல நிறுவனங்கள் தயங்கியதற்கும் இந்தப் பயம்தான் காரணம்.

"ஒரு ரூபாய் போனாலும் தப்புதானே?"

இந்தப் பக்கத்தின் வலுவான வாதம் இது. பணம் தண்ணீர் மாதிரி. நீங்கள் பள்ளிக்கூடம் கட்டினால், பள்ளிக்கூடத்துக்கு வைத்திருந்த காசில் அவர்கள் துப்பாக்கி வாங்குவார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றமும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது.

வாதத்தில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் இதைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். ஆயுதக் குழு ஆளும் ஊரில் ஒரு குழந்தைக்குக் கஞ்சி ஊற்றுவதுகூட மறைமுக ஆதரவுதான் என்று ஆகிவிடும். அந்தக் குழந்தை அந்தக் குழுவைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு பைசாகூடக் கசியாத உதவி வேண்டுமென்றால் ஒரே வழி, உதவியே அனுப்பாமல் இருப்பது. போர்க்களத்தில் கசிவைக் குறைக்கலாம், பூஜ்யமாக்க முடியாது.

இதை உலக அமைப்புகளே மெதுவாக ஒப்புக்கொண்டு வருகின்றன. பணமோசடித் தடுப்புக்கான எஃப்ஏடிஎஃப், 2001-ல் தொண்டு நிறுவனங்கள் 'குறிப்பாக' பயங்கரவாத ஆபத்துக்கு உள்ளானவை என்று எழுதியது. 2016-ல் அந்த வரியை எடுத்தது. 2023-ல், எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள், ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் அளவாகக் கண்காணியுங்கள் என்று மறுபடி திருத்தியது. 2664-ன் விலக்கு, அல்-கொய்தா, ஐஎஸ் பட்டியலுக்கு முதலில் இரண்டு வருஷம்தான் இருந்தது; 2024 டிசம்பரில் 2761-ம் தீர்மானம் அந்தக் கெடுவை எடுத்துவிட்டது.

என்ன செய்யலாம்?

ஒன்று, விசாரணைக்குக் கெடு வேண்டும். இரண்டரை வருஷம் சந்தேகத்தில் தொங்கவிட்டு "ஆதாரம் இல்லை" என்று சொல்வதும் ஒரு தண்டனைதான்.

இரண்டு, மூடுவதற்கு முன்னால் இடைவழி வேண்டும். பிரிட்டன் கமிஷனுக்கு இடைக்கால மேலாளரை நியமிக்கும் அதிகாரம் இருக்கிறது. டிரஸ்டிகள் மேல் சந்தேகமா? அவர்களை ஒதுக்கி வைத்துவிட்டு, முகாமை வேறு ஆள் வைத்து நடத்தலாம். நிர்வாகி செய்த தப்புக்கு நோயாளி ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?

மூன்று, ஒழுங்குமுறை அமைப்பு விசாரித்து விடுவித்த நிறுவனத்தின் கணக்கை மூடும் வங்கி, காரணத்தை எழுத்தில் தர வேண்டும். முறையிட ஒரு இடம் வேண்டும்.

நான்கு, எனக்கு முக்கியமாகப் படுவது: ஒவ்வொரு ஒழுங்குமுறை அமைப்பும் வருஷா வருஷம் வெளியிடும் அறிக்கையில், பிடித்த மோசடிகளோடு, தாமதமான, நின்றுபோன உதவியின் அளவும் இருக்க வேண்டும். எண்ணாத இழப்பை யாரும் குறைக்கப் போவதில்லை.

நமக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. "நீங்க கொடுக்கிற பணம் 100 சதவீதம் மக்களுக்கே" என்ற போஸ்டரைப் பார்த்ததும் நாம் உருகிவிடுகிறோம். ஆனால் ரசீது சரிபார்க்கும் அக்கவுன்டன்ட், கூட்டாளி அமைப்பை நேரில் போய்ப் பார்க்கும் ஆள், ஆடிட்டர்... இவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? கணக்கும் வேண்டும், கணக்குப் பிள்ளைக்குக் காசும் கொடுக்க மாட்டோம் என்றால் எப்படி? அடுத்த முறை பணம் அனுப்பும்போது நிர்வாகச் செலவு எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தச் செலவில் சரிபார்ப்புக்கு எவ்வளவு என்றும் கேளுங்கள்.

2022-ல் அந்த அறையில் இந்தியா எழுப்பிய கேள்வி, "இந்த உதவி தப்பான கைக்குப் போனால்?" கேட்க வேண்டிய கேள்விதான், ஜமாத் உத் தாவாவைப் பார்த்த நாடு கேட்காமல் இருக்க முடியாது. அதே மூச்சில் இன்னொன்றையும் கேட்டிருக்கலாம்: "சரியான கைக்குப் போகாமல் போனால்?" இரண்டாவது கேள்விக்குப் பதில் சோமாலியாவில் இருக்கிறது. அந்த 1,33,000 குழந்தைகளின் பெயரில் எந்த விசாரணை அறிக்கையும் இல்லை.